வேலிக்கு அக்கட்டால

அந்த வேலிக்கால்மேல சாயாதீங்க தம்பி. நீங்க சாஞ்சீங்கன்னா அதுவும் உங்களோட சேந்து சாஞ்சுக்கும். இப்படி வந்து படியில உக்காருங்க. டேப்பெல்லாம் அப்பறம் எடுக்கலாம். வேலிய அளக்கறதுக்கு முன்னால வேலி கெட்ட கதையக் கேட்டுக்கோணும். நான் சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவ. பருப்பு அடிப்புடிச்சுதுன்னா, அது எதனால அடிப்புடிச்சுதுன்னு தெரியாம அடுத்த அண்டாவ அடுப்புல ஏத்த உடமாட்டேன்.

டீ குடிங்க. என்னது, சக்கரை வேண்டாங்களா? போட்டுட்டனே. பரவால்ல, குடிங்க. வெயில்ல வேல செய்யறவிய சக்கரை சாப்புடலாம், ஒண்ணும் ஆகாது.

முன்னால ‘நவமணி இல்லம்’னு போர்டு பாத்துட்டுத்தான வந்தீங்க? அந்த நவமணி நாந்தான். எங்கூட்டுக்காரரு பேரையும் சேத்துப் போடலாமுன்னுதான் இருந்தேன். சென்னியப்பன். நீங்களே எழுதிப் பாருங்க, எத்தன எழுத்து வருதுன்னு. போர்டு பத்தல. அவருகிட்டக் கேட்டேன், “உங்க பேர உட்டுரட்டுங்களா”ன்னு. “ம்”முன்னாரு. அவரு எப்பவுமே அப்படித்தாங்க. ஸ்பின்னிங் மில்லுல இருந்தவரு. அந்த மெசின் சத்தத்துல யாரு பேசுனாலும் யாருக்கும் கேக்காது, தலையத்தான் ஆட்டோணும். ஊட்டுக்கு வந்தும் அதே பழக்கம். நான் பேசுவேன், அவரு ‘ம்’ கொட்டுவாரு. எங்களுக்குள்ள சண்டைன்னு ஒண்ணு வந்ததே இல்லீங்க. வேணுமுன்னா அவரையே கேட்டுப் பாருங்க.

இந்த எடம் எங்க மாமனாரு காலத்துல தோட்டமா இருந்தது. சுத்தியும் சைட் போட்டு வித்தாச்சு, எங்களுக்குன்னு இந்தத் துண்டு நின்னுச்சு. முன்பக்கம் காம்பவுண்டு செவுரு, கேட்டு எல்லாம் கொத்தனாரே முடிச்சுக் குடுத்துட்டாரு. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. அப்ப எனக்கு மூட்டு வலி, வேல நடக்கற எடத்துக்கு நான் வரவே முடியல. அதுதான் எப்படியோ நல்லா அமைஞ்சுருச்சு. ஊட்டுக்குப் பின்னால, பொடக்காலிப் பக்கம் இந்தத் தோட்டத்துக்கு மட்டும் கம்பிவேலி போட்டாப் போதுமுன்னு முடிவு பண்ணுனோம். அதுக்குள்ள எனக்கு மூட்டு வலி தேவலை ஆயிருச்சு. நல்லதாப் போச்சு, வேலிய நாமளே கிட்ட நின்னு பாத்துக்கலாமுன்னு நெனச்சேன்.

வந்தவன் ஆறுச்சாமின்னு ஒருத்தன். தெரியுமுங்களா? உங்க தொழில்காரந்தான். ரொம்ப நல்ல வேலைக்காரன்னு சொல்லி உட்டாங்க. அவன் வந்ததும் வராததுமா என்ன பண்ணுனான் தெரியுமுங்களா? அந்த மூலக் கல்லுல இருந்து இந்த மூலக் கல்லுக்கு ஒரு நூலக் கட்டுனான்.

“எதுக்கப்பா நூலு?”ன்னேன்.

“நேரா வரோணுமில்லீங்கம்மா”ன்னான்.

“நேரா வந்தா என்ற கறிவேப்பிலைக் கன்னு வெளிய போயிருமே. அதச் சுத்தி உள்ள கொண்டா. அப்பறம் இந்தப் பக்கம், இக்கட்டால கொஞ்சம் உள்ள தள்ளிக்கோ, பக்கத்து சைட்டுக்காரன் பப்பாளி நெழல் நம்ம செடிமேல உழுகுது. அங்க மறுபடி வெளிய போயிக்கோ, துணி தொவைக்கற கல்லு வருது. நூல நம்பாத. நூலு இழுத்த பக்கம் போகும். கண்ணால பாத்துப் போடு”ன்னு சொன்னேன். பாத்துப் போடுன்னுதாங்க சொன்னேன். அந்தப் பய எப்படிப் போட்டிருக்கான்னு நீங்களே பாருங்க. சாரப்பாம்பு ஓடுன தடம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. இதுக்கு வேலின்னு பேரு.

அப்பறம் குழி. முழங்கால் ஆழம் தோண்டப் போனான். நாங்க அப்பத்தான் செப்டிக் டேங்குக்குப் பைப்பு பொதைச்சு மண்ணு மூடியிருந்தோம். கடப்பாரை பட்டா என்னத்துக்காகறது? “ஒரு சாணு போதும்”னேன். அவன் தலையச் சொறிஞ்சுக்கிட்டு, “ஆடிக் காத்து அடிக்குமுங்கம்மா, பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து நேரா நம்ம பக்கந்தான் வருது”ன்னான்.

“ஏப்பா, செவுரா கட்டற? கம்பி வலைதான? அதுல அத்தன ஓட்டை இருக்குதே, காத்து பூந்து போயிராதா?”ன்னு கேட்டேன். பதிலே பேசலியே. தப்பு இருந்தாத்தான மனுசன் பேசாம இருப்பான்?

ஆனா கேட்டு வெச்சான் பாருங்க, அதுலதான் எனக்கு இப்பவும் ஆத்தாமை. அவன் வெக்கறேன்னது அதோ, அந்த மோட்டார் ரூமுக்கு நேரா. நான் ஈசானிய மூலையிலதான் வெக்கோணுமின்னு சொன்னேன். சாமி மூலைங்க. வெச்சான். வெளிப்பக்கமாத் தொறக்கற மாதிரி வெச்சான். தொறந்தா என்ன இருக்குது? வாய்க்கா! கேட்டத் தொறந்து ஒரு எட்டு எடுத்து வெச்சீங்கன்னா வாய்க்காத் தண்ணிலதான் காலு. ஏப்பா, மூலைய நான் சொன்னேன், அங்க வாய்க்கா இருக்குதுன்னு நீ சொல்லோணுமில்ல? கேட்டா, “சொன்னனுங்கம்மா, ரெண்டு தடவ சொன்னனுங்க”ங்கறான். ரெண்டு தடவ சொன்னா ஆச்சா? மூணாவது தடவையும் சொல்லோணும். அப்பறம் அந்தக் கேட்டு வழியா வெள்ளாடு பூந்து கத்தரிச் செடியத் தின்னுச்சுன்னு, நானே கம்பியப் போட்டு முறுக்கிக் கட்டி உட்டுட்டேன். இப்ப அது கேட்டுமில்ல, வேலியுமில்ல.

அந்த மோட்டார் ரூமா? அது நம்முளுதுதாங்க. நம்ம எடத்துலதான் இருக்குது. பழசு, செவுரெல்லாம் பாசி புடிச்சு, ஓடு ஒடைஞ்சு. அடுக்களை சன்னலத் தொறந்தா நேரா அதுதான் தெரியும். புதுமனைக்கு ஒறம்பரைக, சொந்தபந்தமெல்லாம் வருவாங்க, இத்தன அழகா ஊட்டக் கட்டிப்போட்டு இப்படி ஒண்ணு நிக்கறதப் பாத்தா என்ன நெனப்பாங்க? அதனால ஆறுச்சாமிகிட்ட, “வேலிய அதுக்கு இக்கட்டாலயே போட்டுரு, அது யாரோடதோன்னு நெனச்சுக்குவாங்க”ன்னு சொன்னேன். இது நல்ல ரோசனைதாங்க. இதுல ஒரு தப்பும் இல்ல.

புதுஊட்டுக்கு ஆகாத சாமானெல்லாம் அதுக்குள்ளதான் போட்டோம். அவரோட கயித்துக்கட்டல் ஒண்ணு, ஒரு காலு கொஞ்சம் கட்டை. பழைய ரேடியோ. மில்லுல குடுத்த இரும்புச் சேரு, அதத் தரையில இழுத்தா டைல்ஸ் கீறிரும். அவரு சுருட்டு வாசம் அடிக்கற ஒரு கோட்டு. எதையும் தூக்கி எறியலீங்க. எல்லாம் பத்திரமா வெச்சிருந்தேன்.

இப்பத்தான் கதைக்கு வர்றேன். டீ ஆறிப்போச்சா? குடிச்சுருங்க.

வேலி முடியற நாளு. கடைசிப் பக்கம் வலைய இழுத்துக் கட்டோணும். வலை தொளதொளன்னு இருந்துச்சு. அவரு இங்கதான் திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்னாரு. “சும்மா நிக்கறதுக்கு அந்தப் பக்கம், அக்கட்டாலப் போயி இழுத்துப் புடிங்க”ன்னேன். “ம்”முன்னு போனாரு. புடிச்சாரு. ஆறுச்சாமி கம்பியப் போட்டு முறுக்குனான். நல்லாத்தான் நின்னுச்சு. அப்பத்தான் ஆறுச்சாமி கேக்கறான், “அம்மா, அய்யா வெளிய நின்னுட்டாருங்களே, எப்படி உள்ள வருவாரு?”

“சுத்தி வருவாரு”ன்னேன்.

அந்த மூலைக் கேட்டு வழியா வரோணுமுன்னா வாய்க்காத் தண்ணிலதான் எறங்கோணும். சுத்தி வரோணுமுன்னா வாய்க்கா மேட்டுலயே நடந்து, பாலத்தத் தாண்டி, பிள்ளையார் கோயிலச் சுத்தி, லே-அவுட்டுக்குள்ள பூந்து முன்கேட்டு வழியா வரோணும். கூப்புட்டாக் கேக்கற தூரம், நடந்தா ஊர்க்கோடி.

அவரு கம்பி வலைய உட்டாரு. திரும்பி மோட்டார் ரூமப் பாத்தாரு. அப்பறம், “பரவால்ல, நான் இங்கயே சித்த உக்காந்துக்கறேன்”னாரு.

அவ்வளவுதாங்க. உக்காந்தவரு உக்காந்தவருதான்.

மொதல்ல சோத்துக்கும் தூக்கத்துக்கும் சுத்தி வந்துட்டுதான் இருந்தாரு. அப்பறம் வெயில் ஏறுச்சு, மத்தியானச் சோத்துக்கு வர்றது நின்னு போச்சு. நான் சோத்தத் தூக்குப்போசியில போட்டு, தொரட்டிக் கொக்கியில மாட்டி, வேலிக்கு மேல நீட்டுவேன். அவரு எடுத்துக்குவாரு. அப்பறம் அனல் காலம், ஊட்டுக்குள்ள புழுக்கமா இருக்குதுன்னு கட்டல அங்க வெளிய போட்டுப் படுத்தாரு. அதுவும் அப்படியே நின்னு போச்சு. கேட்டவியளுக்கெல்லாம் நான் என்ன சொன்னேன்னா, சாமான் நெறைய அங்க கெடக்குது, காவலுக்கு இருக்காருன்னு. உண்மைதானுங்க அது? ரேடியோவ எவனாச்சும் தூக்கிக்கிட்டுப் போயிட்டா?

பால் காச்சி முன்னாலயே குடி வந்துட்டோம், ஒறம்பரையக் கூப்புட்டு வெச்ச புதுமனை அன்னைக்கு மட்டும் கொஞ்சம் சங்கடமாப் போச்சு. காலையில பூசைக்கு வேட்டி கட்டிக்கிட்டு வந்து உக்காந்தாரு, அய்யரு சொன்னதெல்லாம் செஞ்சாரு. பந்தி ஆரம்பிச்சுது, ஆளக் காணோம். பந்தி நேரத்துக்கு வந்த எங்க சித்தி மருமக ஒருத்தி அடுக்களை சன்னல் வழியாப் பாத்துட்டு, “ஏனுங்கக்கா, அங்க கட்டல்ல உக்காந்திருக்காரே, பாத்த மொகமா இருக்குது, யாருங்க?”ன்னா. மோட்டார் ரூம் நம்முளுது இல்லைன்னு அப்பத்தான் நாலு பேருகிட்டச் சொல்லி முடிச்சிருந்தேன். பட்டுன்னு வாயில வந்துருச்சு, “வாய்க்காப் பக்கத்துத் தோட்டத்துக்காரரு”ன்னுட்டேன். அவளும், “பாவம், அவரையும் சாப்புடக் கூப்புடறது?”ன்னா. கூப்புட்டேன். “ஏனுங்க, சாப்புட வாங்க!”ன்னு பொதுவாக் கூப்புட்டேன். அவரு கையெடுத்துக் கும்புட்டு, “இருக்கட்டுமுங்க, நீங்க சாப்புடுங்க”ன்னாரு பாருங்க! நெசமாலுமே பக்கத்துத் தோட்டத்துக்காரரு மாதிரியே சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இத்தன வருசத்துல அவரு என்னையச் சிரிக்க வெச்சது அதுதான் மொத தடவையின்னு நெனைக்கறேன்.

அதுக்கப்பறம் ஊரு சும்மா இருக்குமா? எங்க மக கோகிலா ஈரோட்டுல இருந்து போன் பண்றா. “அம்மா, அப்பா உன்னைய உட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்றாங்க, நெசமா?” அழுகறா தம்பி.

“எங்கடி போனாரு? அடுக்களை சன்னல்ல நின்னா மண்டை தெரியுது”ன்னேன்.

“அப்பறம் ஏம்மா உள்ள வர்றதில்ல?”

“வேலி சரியாப் போடலடி. அதுதான் காரணம். வேறென்ன?”

அவ என்னத்தப் புரிஞ்சுக்கிட்டாளோ, அவ மாமனுக்குப் போன் போட்டுட்டா. எங்கண்ணன் குழந்தைவேலு, ஊருல நாலு பஞ்சாயத்துப் பேசுனவரு, துண்டத் தோளுல போட்டுக்கிட்டுக் கார்ல வந்து எறங்கிட்டாரு. நான் ஒரு சேரக் கொண்டாந்து வேலியோரமாப் போட்டேன். அக்கட்டால எங்கூட்டுக்காரரு அந்த இரும்புச் சேருல. நடுவுல கம்பி வலை. நான் எங்கண்ணனுக்குப் பின்னால நின்னேன்.

“ஏனுங்க மாப்ள, என்ன இது, ஊரே சிரிக்குது?”

“அப்படீங்களா மச்சான்? இங்க ஒண்ணும் கேக்கலியே.”

“எங்க நவமணி எதாச்சும் தப்புப் பண்ணிருச்சா? சொல்லுங்க, நான் கேக்கறேன்.”

“சேச்சே. அவ தப்பே பண்ண மாட்டாளுங்க. இத்தன வருசத்துல ஒண்ணுகூட இல்ல.”

கேட்டீங்களா தம்பி? அவரு வாயாலயே சொன்னாரு. எங்கண்ணன் திரும்பி என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு. பெருமையாத்தான் பாத்திருப்பாரு. அப்பறம், “இப்படிக் கத்திக் கத்திப் பேசுனாத் தொண்டை போயிரும் அம்மிணி, நான் அக்கட்டாலப் போயி ரெண்டு வார்த்தை பேசிக் கையோட கூட்டிக்கிட்டு வந்தர்றேன்”னு கெளம்பிப் போனாரு.

நான் ரெண்டு பேருக்கும் எலை அறுத்து வெச்சேன். கோழிக் கொழம்பு வெச்சிருந்தேன். வருவாங்க, வருவாங்கன்னு பாக்கறேன். ரேடியோச் சத்தம் கேக்குது. சிரிப்புச் சத்தம் கேக்குது. எட்டிப் பாத்தா எங்கண்ணன் துண்ட மடிச்சுத் தலைக்கு வெச்சுக்கிட்டு கயித்துக்கட்டல்ல கால்மேல கால் போட்டுத் தூங்கறாரு. பொழுது எறங்குனப்பறம் சுத்தி வந்து காரெடுத்தாரு. “என்னண்ணா ஆச்சு?”ன்னு கேட்டா, “அம்மிணி, அங்க நல்லாக் காத்து வருது”ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பஞ்சாயத்துக்கு வந்த மனுசன் சொன்ன தீர்ப்பு அதுதான். அடுத்த வாரம் மறுபடி வந்தாரு. எங்கூட்டு வாசலக்கூட மிதிக்கல, நேரா வாய்க்கா மேட்டு வழியா அங்கயே போயிட்டாரு.

அதவிடக் கேளுங்க. இந்த ஆறுச்சாமி இருக்கானே, “இனி அந்தூட்டுப் பக்கம் தல வெச்சுப் படுக்க மாட்டேன்”னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன், ஒரு நாள் பாத்தா மோட்டார் ரூம் வாசல்ல குத்தவெச்சு டீ குடிச்சுக்கிட்டு இருக்கான். “ஆறுச்சாமி! வேலி சாயுது, வந்து பாருப்பா!”ன்னு இங்கிருந்து சத்தம் போட்டேன். எந்திரிச்சு நின்னு ரொம்ப மரியாதையாச் சொல்றான், “நான் அய்யாவப் பாக்க வந்தனுங்கம்மா.” போட்டவன் அக்கட்டால, போட்டது இக்கட்டால சாயுது. நான் யாருகிட்டப் போயிச் சொல்லட்டும்?

டீன்னதும் ஞாபகம் வருது. அந்த டீ யாரு போட்டதுன்னு நெனைக்கறீங்க? அவருதான். சுடுதண்ணி காய வெக்கத் தெரியாத மனுசன். ஒரு நாள் மத்தியானம் தாளிக்கற வாசம் வந்துச்சு. கடுகு, வரமொளகா, பூண்டு. நம்ம அடுப்பு அணைஞ்சு கெடக்குது, எங்கிருந்து வருதுன்னு பாத்தா, மூணு கல்லக் கூட்டி வெச்சு, தக்காளிச் சோறு கிண்டறாரு. நான் தொரட்டியும் தூக்குப்போசியுமா வேலியோரம் நின்னேன். அவரு ஒரு தட்டுல போட்டு வேலிக்கு மேல நீட்டுனாரு. “தின்னு பாரு.”

“எங்க பழகுனீங்க?”

“உன்றகிட்டத்தான். அடுக்களையில உக்காந்து எத்தன வருசம் பாத்திருக்கேன்.”

பாத்திருக்காராமா! ஒரு நாளாச்சும் ஒரு கரண்டியத் தொட்டதுண்டா? தொடறதுக்கு நான் எங்க உட்டேங்கறீங்களா? கையச் சுட்டுக்குவாரேன்னுதானுங்க. சாப்புட்டுப் பாத்தேன். “உப்புப் பத்தல”ன்னேன். உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா மொத தடவையே நல்லா இருக்குதுன்னு சொன்னா மனுசன் கத்துக்க மாட்டாரு. சத்துணவுலயும் நான் யாரையும் அப்படிச் சொன்னதில்ல.

அதுல இருந்து சாயங்காலம் பொழுதோட ஆச்சுன்னா அவரு வேலியோரம் வருவாரு. நானும் கம்பி தளர்ந்திருக்குதான்னு பாக்கறதுக்கு வருவேன். பேச்சு வரும். நீங்க நம்ப மாட்டீங்க தம்பி, மனுசன் பேசறாரு! இந்தூட்டுக்குள்ள சோபாவுல உக்காந்தப்ப ‘ம்’முக்கு மேல ஒரு எழுத்து வந்ததில்ல. வேலிக்கு அக்கட்டால நின்னா கதையாச் சொல்றாரு. மில்லுல நின்னுக்கிட்டே தூங்குற ஒருத்தரு இருந்தாராமா. சூப்பர்வைசர் வந்தா, பக்கத்துல நிக்கறவரு அவரு வேட்டியப் புடிச்சு இழுப்பாராமா. ஒரு நாளு வேட்டி கையோட வந்துருச்சாமா. நான் சிரிச்ச சிரிப்புல வேலியே ஆடுச்சு. அது சும்மாவே ஆடும், அது வேற.

ஒரு நாள் சொல்றாரு, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப நான் பச்சைச் சேலை கட்டியிருந்தேன்னு. “நீலம்”னேன். “பச்சை”ன்னாரு. “எனக்குத் தெரியாதா, நீலம்தான்”னேன். முன்னயா இருந்தா அதோட “ம்”முன்னு உட்டுருவாரு. அன்னைக்கு உடல. கம்பியப் புடிச்சுக்கிட்டு, “பச்சை. ஓரத்துல மஞ்சக் கரை. நீ காப்பித் தட்டக் கொண்டாந்து வெக்கறப்ப முந்தானை டம்ளர்ல பட்டு நனைஞ்சுது”ன்னாரு. நான் கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன். வந்து, பீரோவுக்கு மேல இருந்த பெட்டிய எறக்கி, அடியில இருந்ததையெல்லாம் எடுத்துப் பாத்தேன். பச்சைதாங்க. மஞ்சக் கரை. முந்தானையில கறைகூட இன்னும் இருக்குது.

அவருகிட்டச் சொல்லல. எதுக்குச் சொல்லோணும்? ஆனா, இத்தன வருசம் இதையெல்லாம் உள்ளயே வெச்சுக்கிட்டு இந்த மனுசன் எப்படி இருந்தாருன்னு ஒரே வெசனமாப் போச்சு. சொல்லியிருக்கலாமில்ல? நானா வேண்டாமுன்னேன்?

ஆடி வந்துச்சு. காத்துன்னா காத்து, உங்குளுக்குத்தான் தெரியுமே, ரோட்டுல போறவன் வண்டியோட நகந்து போவான். இந்த வேலி மொதல்ல தலைய ஆட்டுச்சு, அப்பறம் இடுப்ப ஆட்டுச்சு. ஒரு மத்தியானம், நான் கொத்தமல்லி பறிச்சுக்கிட்டு இருக்கேன், அவரு அக்கட்டால ரேடியோவத் திருகிக்கிட்டு இருக்காரு, சரசரன்னு ஒரு சத்தம். கால் ஒவ்வொண்ணாச் சாயுது, வரிசையா, பந்தியில எலை எடுக்கற மாதிரி. என்ற கால்மாட்டுல வந்து வலை மொத்தமும் தரையோட தரையாப் படுத்துருச்சு.

எனக்கும் அவருக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லீங்க. வெட்டவெளி. அவரு எந்திரிச்சு நின்னாரு. நானும் நின்னேன். காத்துல என்ற சேலை ஒரு பக்கம், அவரு வேட்டி ஒரு பக்கம். நாலு எட்டு வெச்சா ஊட்டுக்குள்ள வந்துரலாம்.

“வாங்க உள்ள”ன்னேன்.

அவரு அந்த வலையையே பாத்துக்கிட்டு நின்னாரு. மொகம் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. “வேலி உழுந்துருச்சே அம்மிணி, இனி எங்க நின்னு பேசறது?”ன்னாரு.

நானும் ரோசன பண்ணிப் பாத்தேன். உள்ள வந்தாருன்னா எங்க உக்காருவாரு? அந்த சோபாவுல. எதுக்க டீவி. நான் அடுக்களையில. அங்க நின்னு பேச எடமே இல்லீங்க, கட்டறப்ப அதுக்குன்னு ஒரு எடம் உடல. என்ஜினியரு எல்லாத்துக்கும் எடம் உட்டாரு, செருப்பு வெக்கறதுக்குக்கூட.

“அப்ப அந்தக் கோடியப் புடிங்க”ன்னேன். அவரு அக்கட்டால புடிச்சாரு, நான் இக்கட்டால தூக்குனேன். “இடது பக்கம்”னேன், “வலதுதான் தோது”ன்னாரு. ஆமா, அப்படியே எதுத்துச் சொன்னாரு. வலதுலதான் நின்னுச்சு. துணி காயப்போடற கயித்த அவுத்து, கால்களையெல்லாம் சேத்து இழுத்து, அடுக்களை சன்னல் கம்பியில கொண்டாந்து கட்டியிருக்கோம். அதோ பாருங்க. அதனாலதான் அந்த சன்னலச் சாத்த முடியல. கொசு வருது. அத அவுத்தா வேலி உழுந்துரும். இப்ப எங்கூடுதான் வேலியத் தாங்கிக்கிட்டு நிக்குது. கோகிலா வந்து பாத்தா. படியில உக்காந்து ரொம்ப நேரம் சிரிச்சா. அப்பறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, “நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கீங்க”ன்னு சொல்லிட்டு ஈரோட்டுக்குப் போயிட்டா.

அதனாலதான் உங்களக் கூப்புட்டது. எனக்கு இந்த வேலி ஸ்டெடியா நிக்கோணும். அடுத்த ஆடிக்கு அசையக் கூடாது.

என்னங்க தம்பி? மோட்டார் ரூமுக்கு நேரா ஒரு கேட்டு வெச்சுட்டா, அய்யா சுத்தாம உள்ள வந்து போவாரா? அளவு பாத்ததும் அதத்தான் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நல்ல கேட்டாத்தான் இருக்கும், வேண்டாங்கல. ஆனா கேட்டு வெச்சா மனுசன் உள்ள வந்துருவாரே. ஒரு நாள் மழைன்னு வருவாரு, ஒரு நாள் காச்சலுன்னு வருவாரு. வந்தா அப்படியே இங்கயே இருந்துருவாரு. அப்பறம் நான் யாருகூடப் பேசறது?

காச்சலுன்னா என்ன பண்ணுவேங்கறீங்களா? அது... அது நியாயந்தான். அத நான் ரோசன பண்ணல.

அதோ வர்றாரு பாருங்க. பொழுதாயிருச்சு. சட்டைய மாத்திக்கிட்டு வர்றாரு, தலைக்கு எண்ணெய் வேற. ஏனுங்க! இந்தத் தம்பி வேலி போட வந்திருக்காரு! இல்லீங்க, பிரிக்கறதுக்கில்ல, கெட்டியாப் போடறதுக்கு! என்னங்க? ஒசரமா?

தம்பி, ஒசரம் எத்தனைன்னு கேக்கறாரு. நெஞ்சு ஒசரம் போதுமாமா. மேல முள்ளுக்கம்பி வேண்டாமாமா, கைய மடக்கி வெச்சுக்கிட்டு நிக்கறதுக்குத் தோதா இருக்கோணுமாமா. அவரு சொல்றபடியே போட்டுருங்க. கேட்டப் பத்தி அவரையே கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்.

இப்ப சித்த அந்தப் பக்கமாப் போயி நில்லுங்க தம்பி. நாங்க பேசோணும்.